நெறிக்கட்டிக்கு ஊசியா, பயாப்ஸியா?

கழுத்தில் நெறிகட்டி வாரக்கணக்கில் வற்றாமல் இருந்தால், டாக்டர் பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது எஃப்.என்.ஏ.சி. மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. தையல் இல்லை, செலவும் குறைவு. காசநோய் அதிகமுள்ள நம் நாட்டில் இதை ஒதுக்கவும் முடியாது. ஊசியில் எடுத்ததையே காசநோய்க் கிருமியைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனைக்கும் அனுப்பலாம்.

லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோய், சந்தேகம் வந்தால் கதை வேறு. ஊசியில் வருவது உதிரி செல்கள்தான், வீங்கிய நிணநீர்க் கணுவின் உள்ளமைப்பு வராது. நாலு செங்கல்லைப் பார்த்து வீட்டின் அறைகளைச் சொல்ல முடியுமா? லிம்போமாவில் ஃபாலிக்குலர் என்ற வகையைச் சரியாகத் தரம் பிரிக்க அந்த அமைப்பு தெரிய வேண்டும். ஹாட்ஜ்கின் என்ற இன்னொரு வகையில், அதை அடையாளம் காட்டும் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். ஊசி அவற்றைத் தவறவிட்டால், வெறும் அழற்சி என்று ரிப்போர்ட் வந்துவிடலாம்.

முழுக் கணுவையும் எடுக்கும் பயாப்ஸியில் இந்தச் சிக்கல் குறைவு. லிம்போமாவின் வகையைக் கண்டறிய உதவும் செல் குறியீடுகளை சிடி20, சிடி3, சிடி30, சிடி15 என்று வரிசையாகச் சோதிக்கவும் திசு போதும். தழும்பும் காத்திருப்பும் உண்டு, சரி. செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி தேவையென்றால் ஒரு துண்டை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போடாமல் பச்சையாகவே அனுப்ப வேண்டும். இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

லிம்போமா சந்தேகம் என்றால் என் ஓட்டு பயாப்ஸிக்கே. கணு வயிற்றுக்குள் ஆழமாக இருந்தால் ஸ்கேன் பார்த்துத் தடித்த ஊசியால் திசு எடுப்பார்கள். அப்புறம், திசு எடுக்குமுன் ஸ்டீராய்டு தொடங்கினால் கட்டி சுருங்கி முடிவே குழம்பலாம்.