காரைக்குடி ஜவுளிக்கடைக்கு எது போதும்? எக்செல், லுக்கர் ஸ்டுடியோ, ஜோஹோ, பவர் பிஐ

ஐந்தொகை (இருப்பு நிலைக் கணக்கு) போட்டுப் பழகிய ஊர் இது. லாபமா நட்டமா என்று இங்குள்ள கடைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிடிபடாமல் போவது, எந்த டிசைன், எந்த சைஸ், எத்தனை நாளாகத் தேங்கிக் கிடக்கிறது என்பதுதான். ஒரே கடை, ஒரு பில்லிங் கவுண்டர், தினம் 80 பில் என்ற அளவை வைத்து, இதை அலசிக் காட்டும் நான்கு மென்பொருள்களையும் பார்ப்போம்.

அதற்கு முன் ஒன்று. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கிச் சேலையும் சூரத் சேலையும் பில்லில் 'சேலை' என்ற ஒரே பெயரில் ஏறினால் எந்த மென்பொருளாலும் பிரித்துக் காட்ட முடியாது. கூட்ட நேரத்தில் பார்கோடு ஸ்கேன் ஆகாத பீஸை 'சேலை 650' என்று விலையை மட்டும் தட்டி அனுப்பிவிடுவார்கள். கணக்கு கெடுவது அங்கேதான். ரகம், டிசைன் நம்பர், சைஸ், கொள்முதல் தேதி நான்கும் சரக்கு இறங்கும்போதே ஏற வேண்டும்.

எக்செல்தான் முதல் படி. பில்லிங் மென்பொருளிலிருந்து உருப்படிவாரி விற்பனையை எக்ஸ்போர்ட் செய்து பிவட் டேபிளில் (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போடுங்கள்: வரிசையில் டிசைன், பத்தியில் சைஸ், நடுவில் பீஸ் எண்ணிக்கை. 120 பீஸ் இறக்கி 45 நாளில் 84 போயிருந்தால் 70 சதவீதம். மறு ஆர்டர் கொடுக்கலாம். 30 சதவீதத்தைத் தாண்டாதது ஆடித் தள்ளுபடிக்குப் போகட்டும். இரண்டு இடத்தில் சறுக்கும். 05-08 என்ற ஆகஸ்ட் தேதி மே 8 ஆகிவிடும். 13 இலக்க பார்கோடு 8.9E+12 என்று சுருங்கும். தரவை எக்செலுக்குள் கொண்டுவரும்போதே பார்கோடு பத்தியை டெக்ஸ்ட் என்றும், தேதிப் பத்தியை நாள்-மாதம்-ஆண்டு என்றும் குறித்துவிட்டால் தொல்லை இல்லை. டேலி கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதிலேயே இருக்கும் சரக்கு வயது அறிக்கையைத் திறந்துகூடப் பார்க்காமல் புதிதாக ஒன்றை வாங்குவது வீண்செலவு.

முதலாளி சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் லுக்கர் ஸ்டுடியோ. காசு கிடையாது. கூகுள் ஷீட்டில் தினசரி விற்பனையை ஒட்டினால் அவர் போனில் படமாகப் பார்த்துக்கொள்வார். லிங்க் கையில் இருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பை மட்டும் வைத்துவிடாதீர்கள். குறிப்பிட்ட மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஒட்டுவதற்கு தினமும் ஓர் ஆள் வேண்டும் என்பதே இதன் பலவீனம்.

ஜோஹோ புக்ஸ் என்ற மென்பொருளில் கடைக் கணக்கை எழுதுபவருக்கு, அதே நிறுவனத்தின் அலசல் மென்பொருளான ஜோஹோ அனலிட்டிக்ஸ் வசதி. தரவு தானே வந்து சேரும். ஆனால் இலவசத் திட்டத்தில் 10,000 வரிசைதான். 80 பில், பில்லுக்கு 3 உருப்படி என்றால் ஒரு நாளைக்கு 240 வரிசை. ஒன்றரை மாதத்தில் நிரம்பிவிடும். பில்வாரியாக ஏற்றாமல் டிசைன்வாரி தினசரி மொத்தத்தை ஏற்றினால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ நான்கிலும் வலுவானது, ஒற்றைக் கடைக்குத் தேவைப்படாதது. டெஸ்க்டாப் இலவசம், விண்டோஸில் மட்டும் ஓடும். ஜிமெயில் முகவரியில் கணக்குத் திறக்க முடியாது. அறிக்கையை முறையாகப் பகிர்ந்துகொள்ள மாதக் கட்டண உரிமம் வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து 'பப்ளிஷ் டு வெப்' அழுத்தினால் கடை விற்பனை ஊருக்கே திறந்துவிடும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் என்று மூன்று கிளை வந்த பிறகு யோசிக்கலாம்.

எதை எடுத்தாலும் மாதவாரி ஒப்பீட்டை அப்படியே நம்பாதீர்கள். தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. அக்டோபரோடு அக்டோபரை வைத்தால் 2023 படுத்துவிட்டது போலத் தெரியும். ஆடியும் ஜூலை, ஆகஸ்ட் இரண்டிலும் பாதி பாதியாக விழுகிறது. தேதிக்குப் பக்கத்தில் 'சீசன்' என்று ஒரு பத்தி சேர்த்து, தீபாவளிக்கு முந்தைய 30 நாள், ஆடி, முகூர்த்த மாதம், சாதா நாள் என்று குறித்து, அந்தப் பத்தியை வைத்தே ஆண்டுகளை ஒப்பிடுங்கள்.