இரவில் பூட்டிக் கிடக்கும் பிரார்த்தனை அறை: ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவு குறித்த மதிப்புரை

அப்பா 16 நாட்கள் படுத்திருந்த தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றியது இந்த மதிப்புரை. அவர் அங்கிருந்து வீடு திரும்பவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயாளி பிழைத்துவிட்டால் ஐந்து நட்சத்திரம், பறிகொடுத்துவிட்டால் ஒரு நட்சத்திரம் என்று எழுதப்படும் மருத்துவமனை மதிப்புரைகளை நானும் அந்த நாட்களில் தேடித் தேடிப் படித்தேன்; அந்த இடத்தில் நம்மை எப்படி நடத்துவார்கள் என்பதை அவற்றில் ஒன்றுகூட எனக்குச் சொல்லவில்லை. நான் கொடுப்பது ஐந்தில் நான்கு நட்சத்திரம். சிலரைப் பற்றிய குறையும் இதில் வருவதால் மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை.

சிகிச்சையை எடைபோடும் தகுதி எனக்கில்லை. எங்களுடையது கடவுள் நம்பிக்கையுள்ள குடும்பம். அம்மாவுக்கு அது மூச்சுக் காற்று போன்றது. அப்படிப்பட்ட ஒரு குடும்பம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கும்போது, அந்தப் பிரிவு அவர்களுடைய நம்பிக்கையை என்ன செய்கிறது என்பதைத்தான் நான் 16 நாட்களும் பார்த்தேன். அதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

நிமோனியா என்று சேர்க்கப்பட்ட அப்பாவுக்கு இரண்டாம் நாளே செப்சிஸ், அதாவது நோய்த்தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை செய்து உறுப்புகளையே பாதிக்கும் நிலை, முற்றி, ரத்த அழுத்தம் தானாக நிற்காத நிலை வந்துவிட்டது. ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் நோரட்ரீனலின் என்ற மருந்து சொட்டு சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. வென்டிலேட்டர் பொருத்தப்பட்டு, அது உறுத்தாமல் இருக்க உறக்க மருந்தும் கொடுக்கப்பட்டது. மானிட்டரில் அத்தனை கோடுகளும் எண்களும் ஓடினாலும், சராசரி ரத்த அழுத்தம் 65-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் இலக்கு என்று யாரோ சொன்னதை அம்மா பிடித்துக்கொண்டார். தன் பிரார்த்தனைப் புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாளில், உள்ளே போய்வரும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைப் பென்சிலால் குறித்துவைப்பார். 68, 66, 71, 63. எண் இறங்கிய நாளில் பென்சில் அழுத்தமாகப் பதிந்திருக்கும்.

முதல் நான்கு நாட்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அப்போது எங்களுக்குத் தகவல் சொல்ல வந்த இளம் மருத்துவர், கதவைப் பாதி திறந்து பிடித்தபடியே, "நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருக்கிறோம், இனி கடவுள் விட்ட வழி, நன்றாகப் பிரார்த்தனை செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். கேட்பதற்கு அது ஆறுதல் வார்த்தை போலத்தான் இருக்கும். அண்ணன்கூட முதல் நாள், "பரவாயில்லை, பக்தியுள்ள டாக்டர்" என்றார். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது, இன்று மருந்தின் அளவு கூடியதா குறைந்ததா என்று நாங்கள் வாயைத் திறக்கும் நேரத்தில்தான் ஒவ்வொரு முறையும் கடவுள் பெயர் வந்தது. எங்கள் கேள்வியை அடைப்பதற்கு எங்கள் நம்பிக்கையையே எடுத்துக் கொடுத்தார்கள். நம்பிக்கையுள்ளவர்கள் உண்மையைக் கேட்க மாட்டார்கள், அவர்களுக்கு அது தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள் போலும். அம்மா அந்த நான்கு நாட்களும் பிரார்த்தனையில் இருந்தது உண்மை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள விரும்பியதும் அதே அளவு உண்மை.

மாற்றம் ஒரு செவிலியரிடமிருந்து தொடங்கியது. அம்மாவுக்கு அந்த வென்டிலேட்டரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கடவுள் கொடுத்த மூச்சை ஒரு பெட்டி ஊதிக்கொண்டிருக்கிறதே என்று புலம்பியபடியே இருந்தார். இரவுப் பணியில் இருந்த அந்தச் செவிலியர் அம்மாவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழைய கதை ஒன்றைச் சொன்னார். 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மூச்சுவிட முடியாமல் போன நோயாளிகளுக்குப் போதுமான இயந்திரங்கள் இல்லை. பியோர்ன் இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, கையால் அமுக்கும் ரப்பர் பையின் வழியாகக் காற்றைச் செலுத்தலாம் என்று காட்டினார். அதன்பின் நூற்றுக்கணக்கான மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும், ஒவ்வொரு படுக்கைக்கும் ஒருவராக உட்கார்ந்து அந்தப் பையை அமுக்கியே பலரைப் பிழைக்கவைத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடே அதிலிருந்துதான் வளர்ந்தது. "இந்தப் பெட்டிக்கு முன்னால் இங்கே மனிதக் கைதான் இருந்தது, அம்மா" என்றார் அவர். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் உள்ளே போனபோது, வென்டிலேட்டரின் பக்கவாட்டில் ஒரு கையும் அப்பாவின் தோளில் ஒரு கையும் வைத்துக்கொண்டு பிரார்த்தனை செய்தார்.

ஐந்தாம் நாள் வேறொரு மூத்த மருத்துவர் பொறுப்பேற்றார். தினமும் மாலையில் ஒரு சிறிய அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவது அவருடைய வழக்கம். நின்றுகொண்டு கேட்பதற்கும் உட்கார்ந்து கேட்பதற்கும் இவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. எடுத்தவுடன் அவர் எதையும் சொல்லமாட்டார். "நேற்றுப் பேசியதில் உங்களுக்கு என்ன புரிந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பிரான்ஸில் 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், இறக்கும் தறுவாயில் இருந்த 126 நோயாளிகளின் குடும்பத்தாரை வைத்து நடத்தி 2007-இல் வெளியான ஓர் ஆய்வைப் பின்னாளில் படித்தேன். வழக்கமான சந்திப்பில் நடு அளவாக 20 நிமிடங்களில் குடும்பத்தார் பேசியது 5 நிமிடம். குடும்பத்தாருக்குப் பேச இடம்விடும் புதிய முறைப்படி நடந்த சந்திப்பில் 30 நிமிடங்களில் அவர்கள் பேசியது 14 நிமிடம். அப்படிப் பேச இடம் கிடைத்தவர்களிடம் மூன்று மாதங்களுக்குப் பிறகு பதற்றமும் மனச்சோர்வும் அதிர்ச்சியின் அறிகுறிகளும் குறைவாக இருந்தன. அந்தச் சிறிய அறையில் எங்களுக்குக் கிடைத்தது அந்த மிச்ச 9 நிமிடங்கள்தான் என்று படிக்கும்போதே தோன்றியது.

பதினோராம் நாள் மாலைக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். சிறுநீரகங்கள் நின்றுபோய் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. மருந்தின் அளவு இறங்கவே இல்லை. அப்பா பிழைக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்பதை மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். பிறகு, இதயம் நின்றுவிட்டால் மார்பை அழுத்தி சிபிஆர் செய்ய வேண்டுமா என்ற கேள்வியை எங்கள் முன் வைத்தார். மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்று சிபிஆர் கொடுக்கப்படுகிறவர்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவர்தான் உயிரோடு வீடு திரும்புகிறார் என்றும், மருந்தின் பலத்தால் மட்டுமே ரத்த அழுத்தம் நிற்கும் அப்பாவைப் போன்றவர்களுக்கு அதுவும் இல்லை என்றும், விலா எலும்புகள் முறியக்கூடும் என்றும் விளக்கினார்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "அற்புதம் நடக்கும், டாக்டர். நான் கையெழுத்துப் போட்டால் நம்பிக்கை இல்லாமல் போட்டதாக ஆகிவிடும்" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். எத்தனையோ குடும்பங்கள் இந்த இடத்தில்தான் உடைந்துபோகின்றன என்று நினைக்கிறேன். வேண்டாம் என்றால் நாமே கைவிட்டதாகிவிடும், வேண்டும் என்றால் அவரை வதைத்ததாகிவிடும்.

"அது நடக்க வேண்டும் என்று நானும் விரும்புகிறேன், அம்மா" என்று மருத்துவர் தொடங்கினார். நம்பிக்கையை ஆமோதிப்பது, அந்தக் குடும்பம் நிற்கும் இடத்துக்கே வந்து நிற்பது, மருத்துவ நிலவரத்தை எடுத்துச் சொல்வது, என்ன நடந்தாலும் உடனிருப்போம் என்று உறுதி கூறுவது என்று நான்கு படிகளாக அமைந்த உரையாடல் முறை ஒன்று உண்டு என்பதையும், நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து 'ஆமென்' என்று வருவதால் அந்தப் பெயரிலேயே 2014-இல் ஒரு மருத்துவ இதழில் அது வெளியானது என்பதையும் பிறகு அறிந்தேன். அவர் அதைப் பயின்றவரா, இயல்பிலேயே அப்படிப்பட்டவரா என்று நான் கேட்கவில்லை. அவர் பேச்சில் 'ஆனால்' என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. "நீங்கள் பிரார்த்தனை செய்துகொண்டே இருங்கள். என் வேலை, இவருடைய உடம்பில் நடப்பதை மறைக்காமல் சொல்வது. இந்த இரண்டும் இதே அறையில் இருக்கட்டும். எந்த முடிவை எடுத்தாலும் இவருக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதை நாங்கள் நிறுத்தப்போவதில்லை" என்றார். முடிவை அன்றே சொல்ல வேண்டியதில்லை என்றும், அப்பாவுக்கு நினைவிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று மட்டும் நாங்கள் மூவரும் பேசிப் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

இதற்கிடையில், தொலைபேசியில் நலம் விசாரித்த உறவினர் ஒருவர், இன்னும் நிறையப் பேர் சேர்ந்து உருகிக் கேட்டால் நிச்சயம் பலிக்கும் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தார். அக்கறையில் சொன்னதுதான். ஆனாலும், பிழைக்காவிட்டால் நாங்கள் கேட்டது போதவில்லை என்றல்லவா அது முடியும்? அண்ணன் இரண்டு இரவுகள் கண் மூடவில்லை. அந்தப் பிரிவில் ஓர் ஆற்றுப்படுத்துநர் இருந்தார்; அவர்தான் அண்ணனிடம் மெதுவாகப் பேச்சுக்கொடுத்தார். அவர் சொன்ன தகவல் எனக்கும் புதிது: இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1802 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், முன்பின் அறியாதவர்கள் செய்த பிரார்த்தனையால் உடல்நலச் சிக்கல்கள் குறையவில்லை, தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களிடம் சிக்கல்கள் சற்றுக் கூடுதலாகவே இருந்தன. இதைக் கேட்டு அண்ணனின் நம்பிக்கை குலைந்துவிடுமோ என்று பயந்தேன். அவர் முகம் தெளிந்தது. "எண்ணிக்கை போதாமல் அப்பா போகமாட்டார் என்கிறீர்கள்" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு உறங்கினார்.

பன்னிரண்டாம் நாள், சிபிஆர் வேண்டாம் என்ற முடிவை அம்மாவே மருத்துவரிடம் சொன்னார். "அற்புதம் செய்கிறவருக்கு இவருடைய விலா எலும்பை உடைக்க வேண்டிய அவசியம் இருக்காது" என்பது அவர் சொன்ன காரணம். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அல்ல அது. அதன்பிறகு அவருடைய பிரார்த்தனையின் சொற்கள் மாறின. அதுவரை 'அவரை எனக்குக் கொடுத்துவிடு' என்று கேட்டுக்கொண்டிருந்தவர், 'அவருக்கு வலிக்காமல் இருக்கட்டும்' என்று கேட்கத் தொடங்கினார். இரவுச் செவிலியர் அதைக் கவனித்திருக்கிறார். பக்கம் திருப்பிப் படுக்கவைக்கும்போதெல்லாம், அப்பாவின் நெற்றி சுருங்குகிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் வலி மருந்தைக் கூட்டிவிட்டு, "இப்போது வலியில்லாமல் இருக்கிறார், அம்மா" என்று வெளியே வந்து சொல்லிவிட்டுப் போவார். நான்காவது நட்சத்திரம் அவருக்காக.

பதினாறாம் நாள் அதிகாலையில் எண்கள் இறங்கத் தொடங்கியதும், ஒருவர் மட்டும் 10 நிமிடம் என்ற விதியைத் தளர்த்தி எங்கள் மூவரையும் உள்ளே விட்டார்கள். திரையை இழுத்துவிட்டு, அறையிலிருந்த மானிட்டரின் ஒலியை நிறுத்திவிட்டார்கள். அம்மா புத்தகத்தைத் திறக்கவில்லை. மனப்பாடமாகத் தெரிந்ததைச் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை.

இனி, கழித்த ஒரு நட்சத்திரத்துக்கு வருகிறேன். முதல் நான்கு நாட்களின் பாதிக் கதவுக்காக அதில் பாதி. மீதிப் பாதி பிரார்த்தனை அறைக்காக. எந்த மதத்தவரும் உட்காரலாம் என்று பலகை வைத்து, சுத்தமாக, ஓசையில்லாமல் ஓர் அறையை அதே மாடியில் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். அந்த அறையை இரவு 9 மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். பகலில் மருத்துவர் வருவார், செய்தி வரும், உறவினர் வருவார்கள், நேரம் எப்படியோ போய்விடும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் அந்த அறை எதற்கு என்று தெரியும். பதினோராம் நாள் இரவு, பூட்டிய கதவின் முன் தரையில் அம்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, காவலாளி ஒருவர் கீழ்த்தளம் வரை போய்ச் சாவியைக் கொண்டுவந்து திறந்துவிட்டார். விதியை மீறித்தான் செய்திருப்பார். அதனால் அவரைப் பற்றி இதற்குமேல் எழுதவில்லை. வெளியேறும்போது கொடுத்த கருத்துப் படிவத்தில் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன்: அந்தச் சாவி இரவு நேரத்தில் கீழ்த்தளத்தில் இருக்க வேண்டாம், தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர் மேசையில் இருக்கட்டும்.