காலைக்கு இட்லியா, உளுந்தம்பருப்பு சோறா?

ருசி அவங்கவங்க நாக்கு, வேலையும் பெருசா வித்தியாசம் இல்ல, மாவு இருந்தா இட்லி, இல்லன்னா குக்கர்ல சோறு. டவுன் ரத வீதில கடைல உக்காருத எனக்கு வேண்டியது ஒண்ணுதான், மதியம் வரைக்கும் பசி தாங்கணும். அதுல உளுந்தஞ்சோறுக்குத்தான் என் ஓட்டு, இப்போ வீட்டுல பாதி நாள் காலைல அதுதான்.

ஏன்னு சொல்லுதேன். பசிய வயிறு மட்டும் முடிவு பண்ணல. இரைப்பை காலியா கெடந்தா கிரெலின்னு ஒரு ஹார்மோன் ஊறும், 1999ல ஜப்பான்ல கண்டுபிடிச்சாங்க, அது மூளைல ஹைப்போதாலமஸ்ல பசிய கெளப்பி விடும். சாப்ட்டதும் இரைப்பை விரியுதத வேகஸ் நரம்பு மேல சொல்லும், அந்த நரம்புல முக்கால்வாசிக்கு மேல வயித்துலேந்து மூளைக்குப் போற இழைதான். பொறவு சாப்பாடு சிறுகுடலுக்கு எறங்கும்போது, அதுல புரதமும் கொழுப்பும் இருந்தா சிசிகேன்னு இன்னொரு ஹார்மோன் வரும், அது இரைப்பை சீக்கிரம் காலியாகாம புடிச்சு வச்சி, போதும்னு மூளைக்கும் சேதி அனுப்பும். இந்த சிசிகேதான் என் கணக்குல விசயமே.

இட்லில அரிசி நாலு பங்குன்னா உளுந்து ஒரு பங்கு, அதுவும் தோல் போயி, நைசா அரைச்சு, ஆவில வெந்தது, சீக்கிரம் செரிச்சிரும். காய்ச்சக்காரங்களுக்கு அத விட நல்லது இல்ல, ஆனா எனக்கு பதினோரு மணிக்கே டீயும் வடையும் தேடும். உளுந்தஞ்சோறுல ரெண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு கருப்பு உளுந்து, தோலோட. நூறு கிராம் உளுந்துல 24 கிராம் போல புரதம் இருக்கு. தேங்காப்பூ, பூண்டு, வெந்தயம் போட்டு வெந்தத மூடியத் திறந்தா வாற வாசமே தனி, அதுல எள்ளுத் தொவையலும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் சேந்தா கொழுப்பும் வந்திருது. தோல்ல உள்ள நார் மெதுவாத்தான் எறங்கும், பெருங்குடல்ல கிருமிங்க அத புளிக்க வைக்கும்போது வாற பொருளு ஜிஎல்பி-1 மாதிரி பசி அடக்குத ஹார்மோனையும் தூண்டும்.

ரெண்டுல எத சாப்ட்டாலும் பைய சாப்புடுங்க, போதும்ங்கற சேதி மூளைல முழுசா சேர இருவது நிமிசம் போல ஆகும்.

வயக்காட்டுல எறங்கி வேலை செய்யுதவங்களுக்கு இது எவ்வளவு நேரம் தாங்கும்னு அனுபவத்துல சொல்ல முடியல, நான் உக்காந்தே இருக்க ஆளு. சுகர் இருக்குதவங்க அளவ டாக்டர்ட்ட கேட்டுக்கங்க. ராத்திரிக்கு மட்டும் எங்க வீட்டுல இட்லிதான், உளுந்தஞ்சோறு சாப்ட்டு உடனே படுத்தா நெஞ்ச கரிக்கி.