பல்சர் என்160 டூயல் சேனல் ஏபிஎஸ்: குறுக்கே வந்த குட்டியானைக்குப் பிறகு ஒரு விமர்சனம்

பல்சர் என்160 வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: தாராளமாக வாங்குங்கள், ஆனால் இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் ஏற்பாடு) உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். 2022 ஜூனில் இந்த வண்டி வந்தபோது இரண்டு வகையாக விற்றார்கள். ஒன்றில் முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் (சிங்கிள் சேனல்), 280 மில்லிமீட்டர் டிஸ்க். இன்னொன்றில் இரண்டுக்கும் ஏபிஎஸ் (டூயல் சேனல்), முன் டிஸ்க்கும் 300 மில்லிமீட்டர். அப்போது விலையில் வித்தியாசம் சுமார் 5,000 ரூபாய். ஷோரூமில் நிற்கும்போது அது பெரிய தொகையாகத்தான் தெரியும், ஆனால் சைடு ஸ்டாண்டு பட்டை, சீட் கவர், டேங்க் கவர், டெஃப்லான் கோட்டிங் என்று அவர்கள் நீட்டுகிற சீட்டில் பாதியை அடித்துவிட்டாலே அந்தப் பணம் கிடைத்துவிடும்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து உடுமலை போகும் ரோடு, பின்னால் அப்பா. நாளெல்லாம் வெயில் காய்ந்த ரோட்டில் அப்போதுதான் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. தூறல் என்பதால் 50-ஐ ஒட்டித்தான் போய்க்கொண்டிருந்தேன். இடதுபக்கத் தோப்புக்குள்ளிருந்து தேங்காய் மட்டை ஏற்றிய குட்டியானை (மினி லாரி) ஒன்று மண் தடத்தில் ஏறி நேராக ரோட்டுக்கு வந்து, எங்களைப் பார்த்ததும் டிரைவர் பதறிப்போய் அங்கேயே நிறுத்திவிட்டார், எங்கள் பக்கத்தை முழுசாக அடைத்துக்கொண்டு. எதிரில் பஸ் வந்துகொண்டிருந்ததால் வலதுபக்கம் ஒதுங்கவும் வழியில்லை.

இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். கைப்பிடிக்குள் விரலைத் தள்ளித் தள்ளி விடுகிற மாதிரி ஒரு துடிப்பு, வலது பாதத்துக்கு அடியில் தடதடவென்று இன்னொரு துடிப்பு. வண்டி கொஞ்சமும் வளையாமல் நேர்கோட்டிலேயே போய் நின்றது. முன் டயருக்கும் குட்டியானையின் பக்கப் பலகைக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் மிச்சம். மேலேயிருந்து இரண்டு மட்டை எங்கள் முன்னால் சரிந்து விழுந்தது. டிரைவர் இறங்கி வந்து, "பார்க்கவே இல்லீங்க தம்பி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. 1981-ல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையிலும் இதேதான்: குறுக்கே வந்த வண்டிக்காரர்களில் பலர், பைக்கைத் தாங்கள் கவனிக்கவே இல்லை அல்லது ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தோம் என்றார்கள். அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. ஆபத்து வந்த நேரத்தில் ஓட்டியவர்கள் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கியிருக்கிறார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை.

நம் ஊரில் இது ஏன் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "கண்ணு, முன் பிரேக்கைத் தொடாத, குப்புற அடிச்சுரும்" என்று சொல்லித்தான் அப்பா எனக்கு வண்டி பழக்கினார். அவர் ஓட்டிய காலத்து டிரம் பிரேக்குக்கும் ஒல்லி டயருக்கும் அது நியாயமான பயம். ஆனால் பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி முன்னால் வந்து சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை ஓங்கி மிதித்தால் அது சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சறுக்கத்தான் செய்யும். அப்படிச் சறுக்கும்போது பின்பக்கம் ஒரு பக்கமாக இழுக்கும், அந்தப் பதற்றத்தில் பெடலை விட்டுவிட்டால் டயர் திடீரென்று பிடித்து ஆளையே தூக்கி எறியும்.

இங்கேதான் அந்த 5,000 ரூபாய் வேலை செய்கிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு பல் வளையமும் அதன் பக்கத்தில் ஒரு சென்சாரும் இருக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தவுடன் ஏபிஎஸ் பிரேக் ஆயிலின் அழுத்தத்தைக் கணநேரம் தளர்த்தி மறுபடி ஏற்றும். ஒரு நொடிக்குள்ளேயே இது பல தடவை நடக்கிறது, நாம் கையிலும் காலிலும் உணர்கிற துடிப்பு அதுதான். நம் நாட்டுச் சட்டப்படி 125 சிசிக்கு மேல் உள்ள வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம்: புது மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதல், ஏற்கனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 ஏப்ரல் முதல். ஆனால் முன் சக்கரத்துக்கு மட்டும் இருந்தாலே சட்டத்துக்குப் போதும் என்று விட்டதால், காலை ஓங்கி மிதித்துப் பழகிய நம் ஆட்களுக்கு எது அவசியமோ அதைக் கம்பெனிகள் விட்டுவிட முடிகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, ஏபிஎஸ் இருந்தால் போதுமா என்றால் போதாது. நீங்கள் பார்த்து, மூளைக்கு எட்டி, விரல் மடங்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி 16 மீட்டருக்கு மேல் போய்விடும், அதுவரை எந்தப் பிரேக்கும் உதவாது. ஈர ரோட்டில் 50-ல் வருபவர் எந்த இடத்தில் முழுசாக நிற்கிறாரோ, அதே இடத்தை 60-ல் வருபவர் கடக்கும்போது அவர் வண்டி இன்னும் கிட்டத்தட்ட 38 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கே நம்ப முடியவில்லை, மறுபடியும் போட்டேன். அன்றைக்கு அப்பாவும் நானும் வீடு வந்து சேர்ந்ததில் அந்தப் பத்து கிலோமீட்டருக்கும் பங்கு உண்டு.

அப்புறம், வண்டி எடுத்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது அந்தத் துடிப்பைப் பழகிக்கொள்ள வேண்டும். தெரியாதவர்கள் வண்டியில் ஏதோ உடைகிறது என்று பயந்து பிரேக்கை விட்டுவிடுகிறார்கள். ஊருக்கு வெளியே சைட் பிரித்து, கலர் கொடி நட்டு, தார் ரோடு போட்டு, வீடு ஒன்றும் வராமல் கிடக்கும் லேஅவுட்கள்தான் இதற்குத் தோதான இடம். ஹெல்மெட், ஷூ போட்டுக்கொண்டு, பின்னால் யாரையும் ஏற்றாமல், 30-ல் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். லீவரை வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி ஆரம்பித்து உடனே இறுக்கிக்கொண்டே போக வேண்டும். கண் தடையை வெறித்துப் பார்க்காமல் தூரத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் பார்க்கிற பக்கம்தான் வண்டி போகும். என்160-இன் முன் லீவர் இந்தப் பழக்கத்துக்கு நன்றாக ஒத்துழைக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு பிடிக்கிறது. பின் பெடலும் அப்படித்தான்.

இதில் செய்ய முடியாததையும் சொல்லிவிடுகிறேன். வளைவில் வண்டியைச் சாய்த்திருக்கும்போது ஓங்கிப் பிடித்தால் இந்த ஏபிஎஸ் காப்பாற்றாது, சாய்வை அளக்கும் கருவி இதில் கிடையாது. வால்பாறை ஏறுபவர்கள் கொண்டை ஊசிக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். மணலிலும் ஜல்லியிலும் ஏபிஎஸ் நிற்கும் தூரத்தைக் கூட்டத்தான் செய்யும், அங்கே மெதுவாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை. டயர் வழுக்கையாகிவிட்டால் எந்த ஏபிஎஸ்ஸும் வீண்.

மற்றபடி 164.82 சிசி, 16 பிஎஸ் சக்தியுள்ள இன்ஜின். நான்கு வழிச் சாலைக்கும் போதும், ஊருக்குள்ளும் தொந்தரவு இல்லை. 154 கிலோ எடை தள்ளும்போது தெரியும், ஓட்டும்போது தெரியாது. 14 லிட்டர் டேங்க். புரொஜெக்டர் ஹெட்லைட் நன்றாக இருக்கிறது. தினமும் பத்து கிலோமீட்டர் டவுனுக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இவ்வளவு பெரிய வண்டி தேவையில்லை.

சாவி போட்டதும் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை என்று அர்த்தம், சாதாரணப் பிரேக் மட்டும்தான் இருக்கும். சேற்றில் ஓட்டிவிட்டு வந்தால் சென்சார் பக்கம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள், கேட்டால்தான் செய்வார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் பழைய பில்லை வாங்கி எந்த வகை என்று பாருங்கள், ஏனென்றால் ஏபிஎஸ் என்று மட்டும் சொல்லி சிங்கிள் சேனல் வண்டியையும் அதே விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.