ஆல்டர்னேட்டர் ஊளைக்கு எது தீர்வு: எர்த்தா, ஐசோலேட்டரா, ஃபில்டரா, கேபிளா?

என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் காரின் ஸ்பீக்கரில் மெல்லிய ஊளை கேட்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதி ஏறுகிறது. இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஆர்.சி.ஏ. வயரில் (ஹெட் யூனிட் என்னும் டேஷ்போர்டு ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப் என்னும் ஆம்ப்ளிஃபையருக்குச் சிக்னல் கொண்டுபோகும் வயர்) கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் மாட்டு என்பார் ஒருவர். பவர் வயரில் நாய்ஸ் ஃபில்டர் போடு என்பார் இன்னொருவர். எர்த்தை, அதாவது ஆம்ப்பின் நெகடிவைக் கார் பாடியோடு சேர்க்கும் இணைப்பை, பிரித்துப் புதிதாகப் போடச் சொல்பவரும் உண்டு, விலை உயர்ந்த கேபிள் வாங்கச் சொல்பவரும் உண்டு. நாலுமே ஏதாவது ஒரு காரில் வேலை செய்திருக்கும், குழப்பமே அதனால்தான். இரைச்சல் நுழையும் வாசல்கள் வேறு வேறு, இவை ஒவ்வொன்றும் அடைப்பது வேறு வேறு வாசலை. ஆம்ப் பொருத்தியபின் வந்த ஊளை என்றால் முதலில் கை வைக்க வேண்டியது எர்த்தில். ஐசோலேட்டர் கடைசி, ஒரே ஒரு இடம் தவிர. அந்த இடம் கீழே வரும்.

முதலில் வாசலைக் கண்டுபிடியுங்கள்

என்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மூன்று ஃபேஸ் ஏசி. உள்ளே இருக்கும் டயோடுகள் அதை டிசியாக்குகின்றன, ஆனால் முழுக்கச் சமதளமாக ஆக்குவதில்லை. மேலே சின்ன ரிப்பிள், அதாவது ஏற்ற இறக்கம், மிச்சமிருக்கும். 12 துருவ ஆல்டர்னேட்டர், புல்லி விகிதம் 2.75 என்று வைத்துக்கொள்வோம். ஐடிலிங்கில் என்ஜின் 800 ஆர்பிஎம் என்றால் ஆல்டர்னேட்டர் 2200. ஒரு ஃபேஸின் அதிர்வெண் 220 ஹெர்ட்ஸ், ரிப்பிள் அதைப்போல் ஆறு மடங்கு, அதாவது 1320 ஹெர்ட்ஸ். என்ஜின் 2400 ஆர்பிஎம்முக்குப் போனால் 3960 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியே அதுதான். சில மில்லிவோல்ட் ரிப்பிள்கூட எரிச்சலூட்டுவது இதனால்தான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சப்வூஃபர் ஆம்ப்பில் லோ பாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டுவதால், ஆர்.சி.ஏ. வழியே ஊளை வந்தாலும் வெளியே கேட்காது. பிறகு கதவு ஸ்பீக்கர்களுக்கு இன்னொரு ஆம்ப் போட்டதும் 'புது ஆம்ப் சரியில்லை' என்று பழி விழும். பழுது முதல் நாளிலிருந்தே இருந்திருக்கலாம்.

என்ஜினோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊளை ஆல்டர்னேட்டருடையது. அதே போல ஏறும் 'டிக் டிக்' சத்தம் இக்னிஷனுடையது. ரெசிஸ்டர் வகை ஸ்பார்க் பிளக் போட்டிருக்கிறதா, பிளக் வயர் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆர்பிஎம் எப்படி மாறினாலும் மாறாத 'ஸ்ஸ்ஸ்' என்றால் ஆம்ப்பின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகம், அவ்வளவுதான். அதைக் குறைத்து ஹெட் யூனிட் வால்யூமை ஏற்றினால் போதும்.

ஊளை என்று உறுதியானால் அடுத்த சோதனைக்கு ஷார்ட்டிங் பிளக் இரண்டு தேவை. பழைய ஆர்.சி.ஏ. பிளக்கின் நடுப்பின்னையும் வெளி வளையத்தையும் ஒரு துண்டு வயரால் சால்டர் செய்தால் தயார். சிஸ்டத்தை முழுக்க அணைத்துவிட்டு ஆம்ப்பின் ஆர்.சி.ஏ. வயர்களைக் கழற்றி இவற்றைச் செருகுங்கள். என்ஜினை ஓட்டுங்கள். ஊளை இன்னும் கேட்டால் அது ஆம்ப்பின் பவர் வழியாகவோ ஸ்பீக்கர் வயர் வழியாகவோ வருகிறது, இல்லை ஆம்ப்பே பழுது. நின்றுவிட்டால் ஆர்.சி.ஏ. பக்கம். அப்போது பிளக்கை எடுத்துவிட்டு, சார்ஜரில் போடாத ஒரு ஃபோனை நேராக ஆம்ப்பில் இணைத்துப் பாட விடுங்கள். சுத்தமாகப் பாடினால் குற்றவாளி ஹெட் யூனிட்டிலோ, அதற்கும் ஆம்ப்புக்கும் நடுவிலோ இருக்கிறது. எதையும் வாங்குவதற்கு முன் இந்த இரண்டு சோதனையும் முடிந்திருக்க வேண்டும்.

எர்த்: செலவு குறைவு, பலன் அதிகம்

ஆம்ப் பாடும்போது 30 ஆம்பியர் இழுக்கிறது, எர்த் இணைப்பில் 10 மில்லிஓம் தடை இருக்கிறது என்றால், ஆம்ப்பின் எர்த் உண்மையான எர்த்தைவிட 0.3 வோல்ட் மேலே மிதக்கும். ஹெட் யூனிட்டின் எர்த் டேஷ்போர்டுக்குள் வேறு இடத்தில். இந்த இரண்டையும் இணைக்கும் இன்னொரு பாலம் ஆர்.சி.ஏ. கேபிளின் வெளிப் பின்னல். இந்தச் சுற்றுதான் கிரவுண்ட் லூப். எர்த் வித்தியாசத்தால் அந்தப் பின்னலில் கரண்ட் ஓடுகிறது, அதன் நீளத்தில் விழும் வோல்டேஜ் பாட்டோடு சேர்ந்துவிடுகிறது. 2 வோல்ட் சிக்னலுக்கு முன்னால் 5 மில்லிவோல்ட் என்றால் 52 டெசிபல் வித்தியாசம். சத்தமாகப் பாடும்போது தெரியாது. பாட்டு அடங்கும் இடத்தில் பளிச்சென்று கேட்கும்.

இதை ஓம் மீட்டரில் அளப்பவர்கள் பலர். சாதாரண மல்டிமீட்டரின் வயர்களுக்கே 0.2 ஓம் தடை இருக்கும்; 10 மில்லிஓம் அதற்குள் காணாமல் போய்விடும். வோல்டேஜ் டிராப் பார்ப்பதே சரி. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை ஆம்ப்பின் எர்த் டெர்மினலில், மறுமுனை பேட்டரியின் நெகடிவ் கம்பத்தில். பாஸ் அதிகமான பாட்டைச் சத்தமாக வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.2-ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது. அடுத்து ஆம்ப்பின் எர்த் டெர்மினலுக்கும் போல்ட் பக்கத்தில் சுரண்டிய பாடி உலோகத்துக்கும் நடுவே அளக்கவும். முதல் அளவு பெரிது, இது சில மில்லிவோல்ட்தான் என்றால் உங்கள் போல்ட் நன்றாகவே இருக்கிறது. பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் கம்பெனி வயர் மெலிந்தோ துருப்பிடித்தோ இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே 4 கேஜ், அதாவது சுமார் 21 சதுர மி.மீ. வயர் ஒன்றைக் கூடுதலாகப் போட வேண்டும். என்ஜின் பிளாக்கிலிருந்து பாடிக்கும் அப்படியே ஒன்று.

போல்ட் பக்கம்தான் பழுது என்றால், பாசிட்டிவ் வயரின் தடிமனே எர்த்துக்கும் வேண்டும், நீளம் 45 செ.மீ.க்குள். பெயின்ட்டை, அடியில் இருக்கும் பிரைமரையும் சேர்த்து, உலோகம் மின்னும்வரை தேய்த்தெடுங்கள். பாதி வேலை இங்கேதான் கெடுகிறது. சாம்பல் நிறப் பிரைமரை உலோகம் என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். லக்கை (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) வயரில் அழுத்திக் கிரிம்ப் செய்து, ஸ்டார் வாஷர் வைத்து 8 மி.மீ. போல்ட்டில் இறுக்குங்கள். மேலே கிரீஸோ பெயின்ட்டோ பூசினால் துரு வராது, ஆனால் இறுக்கிய பிறகுதான் பூச வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள். புதிதாகத் துளை போடுமுன் வண்டிக்கு அடியில் குனிந்து, பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும் எங்கே போகின்றன என்று பாருங்கள்.

'பாடியே வேண்டாம், எர்த் வயரை நேராகப் பேட்டரிக்கே இழுத்துவிடு' என்பது இன்னொரு வாதம். ஸ்டீல் மோனோகாக் (தனிச் சேசிஸ் இல்லாத) பாடியில் இதனால் பெரிய லாபமில்லை. பாடியே எந்தக் கேபிளையும்விடத் தடித்த கடத்தி. ஃபைபர் பாடி, ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்த பிக்கப் பின்தொட்டி போன்றவற்றில் மட்டும் நீள வயர் அர்த்தமுள்ளது. அங்கேயும் ஒரு எச்சரிக்கை: புதிய கார்களில் நெகடிவ் கிளாம்ப்பிலேயே கரண்ட் சென்சார் இருக்கும். நேராகக் கம்பத்தில் மாட்டினால் ஆம்ப் இழுக்கும் கரண்ட் அந்தக் கணக்கில் வராது, சார்ஜிங் குழம்பும். சென்சாருக்கு அந்தப் பக்கம், பாடி எர்த் புள்ளியில்தான் இணைக்க வேண்டும்.

ஐசோலேட்டர்: லூப்பை வெட்டும், பாஸையும் கொஞ்சம் வெட்டும்

உள்ளே இருப்பது இரண்டு குட்டி 1:1 டிரான்ஸ்ஃபார்மர், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. சிக்னல் காந்தப்புலமாகத் தாவுகிறது. எர்த் தொடர்பு அறுந்துவிடுகிறது. ஊளை சட்டென்று நிற்பதைப் பார்த்தால் மந்திரம் போலத்தான் இருக்கும். அதற்குக் கொடுக்கும் விலை பாஸில் தெரியும். டிரான்ஸ்ஃபார்மரின் கோர் தாங்க வேண்டிய காந்தப்பாயம், வோல்டேஜை அதிர்வெண்ணால் வகுத்த அளவு. 80 ஹெர்ட்ஸில் தாங்கும் கோர், அதே வோல்டேஜில் 40 ஹெர்ட்ஸுக்கு வந்தால் இரண்டு மடங்கு சுமக்க வேண்டும், 20-இல் நான்கு மடங்கு. விரல் அளவு மலிவு ஐசோலேட்டரை 4 வோல்ட் அவுட்புட் உள்ள ஹெட் யூனிட்டுக்கும் சப்வூஃபர் ஆம்ப்புக்கும் நடுவே போட்டால், ஆழ்ந்த பாஸ் மெலிந்து கரகரக்கும்.

மேலே சொன்ன அந்த ஒரே இடம் ஃபோன். ஃபோன் கார் சார்ஜரில் இருக்கிறது, அதே ஃபோனிலிருந்து ஆக்ஸ் கேபிள் ஹெட் யூனிட்டுக்குப் போகிறது, சார்ஜரைப் பிடுங்கினால் ஊளை நிற்கிறது. இங்கே லூப் சார்ஜருக்கும் ஆக்ஸுக்கும் நடுவே. எர்த்தை எத்தனை முறை தேய்த்தாலும் போகாது. ஆக்ஸ் சிக்னல் 1 வோல்ட்டுக்குள்தான் என்பதால் கோர் திணறுவதும் குறைவு. இங்கே தாராளமாக ஐசோலேட்டர் போடலாம், அல்லது புளூடூத்துக்கு மாறலாம். வேறு வழியே இல்லாமல் ஆம்ப் வரிசையில் போடுவதானால் ஆம்ப்புக்கு அருகிலும், பவர் வயரிலிருந்து தள்ளியும் வையுங்கள். அந்த டிரான்ஸ்ஃபார்மரே பக்கத்து வயரின் காந்தப்புலத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஐசோலேட்டர் மூடி மறைக்கும் பழுது ஒன்றும் உண்டு. சில ஹெட் யூனிட்களில் ஆர்.சி.ஏ. வெளி வளையம் உள்ளே ஒரு மெல்லிய ஃபியூஸ் வழியாகவோ சர்க்யூட் போர்டின் மெல்லிய தடம் வழியாகவோ எர்த்துக்குப் போகிறது. சிஸ்டம் ஓடும்போது ஆர்.சி.ஏ.வைக் கழற்றி மாட்டினால், அல்லது ஆம்ப்பின் எர்த் கழன்றால், அது எரிந்துபோகும். அன்றிலிருந்து ஊளைதான். பவரைத் துண்டித்து, ஆர்.சி.ஏ. கேபிளையும் எடுத்துவிட்டு, ஹெட் யூனிட்டின் ஆர்.சி.ஏ. வெளி வளையத்துக்கும் அதன் உலோகப் பெட்டிக்கும் நடுவே ஓம் பாருங்கள். 1 ஓமுக்குள் இருந்தால் பிழைத்தது. மீட்டர் அசையாவிட்டால், ஒரு துண்டு வயரை வளையத்தில் சுற்றி மறுமுனையைப் பெட்டி ஸ்க்ரூவில் இறுக்கிக் கேட்டுப் பாருங்கள். ஊளை நின்றால் இதுதான் காரணம். உள்ளே திறந்து சால்டர் செய்வதே நிரந்தர வழி.

பவர் ஃபில்டர்: ஹெட் யூனிட்டுக்கு மட்டும்

இது ஒரு சோக் காயிலும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்தது. 1 மில்லிஹென்றி, 2200 மைக்ரோஃபேரட் என்றால் சுமார் 107 ஹெர்ட்ஸிலிருந்து வெட்டத் தொடங்கும்; 1320 ஹெர்ட்ஸில் கணக்குப்படி 40 டெசிபலுக்கு மேல் குறைய வேண்டும். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் நல்ல குறைப்புதான். 10 ஆம்பியர் ஃபில்டரை ஹெட் யூனிட்டின் மஞ்சள் (பேட்டரி பவர்) வயரில், யூனிட்டுக்குப் பக்கத்தில் போட்டு, அதன் கறுப்பு வயரை யூனிட்டின் எர்த்திலேயே இணைக்க வேண்டும். டேஷ்கேம், டிஎஸ்பி (ஒலியைச் சீராக்கும் டிஜிட்டல் பெட்டி) போன்ற சின்னச் சாமான்களுக்கும் பொருந்தும். 60 ஆம்பியர் இழுக்கும் ஆம்ப்புக்கு இதைத் தேடாதீர்கள். அவ்வளவு கரண்டில் கோர் நிரம்பாத சோக் செங்கல் அளவுக்குப் போகும், பெரும்பாலான ஆம்ப்களின் உள்ளேயே பவர் சப்ளைக்கு ஃபில்டர் இருக்கிறது. ஆம்ப்பின் பவர் வயரில் சேர்க்கும் பெரிய 1 ஃபேரட் கெப்பாசிட்டரும் ஊளைக்கானதல்ல.

ஃபில்டருக்குக் காசு போடுமுன் ஆல்டர்னேட்டரையே சோதியுங்கள். ஹெட்லைட்டை எரியவிட்டு, 2000 ஆர்பிஎம்மில், பேட்டரியின் இரு கம்பங்களிலும் ஏசி வோல்ட். 0.1-க்குள் இருந்தால் கவலையில்லை. 0.5-ஐத் தாண்டினால் டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம், அந்த வண்டிக்கு எந்த ஃபில்டரும் ஈடுகொடுக்காது. மலிவு மீட்டர்கள் ஏசி ரேஞ்சில் டிசியையும் சேர்த்துக் காட்டி ஏமாற்றும். என்ஜின் நிற்கும்போதே ஏதாவது எண் வந்தால் அப்படித்தான். சிவப்பு முனையோடு 1 மைக்ரோஃபேரட் ஃபிலிம் கெப்பாசிட்டரைத் தொடராக வைத்து அளந்தால் சரியாகும்.

கேபிள்: விலையை விடப் பாதை முக்கியம்

ஆர்.சி.ஏ. கேபிளைப் புதிதாக வாங்குவதற்கு முன், கையில் இருக்கும் ஏதாவது ஒரு கேபிளை சீட்டுகளுக்கு மேலே தொங்கவிட்டு ஹெட் யூனிட்டையும் ஆம்ப்பையும் இணைத்துக் கேளுங்கள். ஊளை போய்விட்டால் பழைய பாதை தவறு. பவர் வயர் இடப்பக்கம் போனால் ஆர்.சி.ஏ. வலப்பக்கம், வெட்டிக்கொண்டே ஆக வேண்டிய இடத்தில் நேர் குறுக்காக. தடித்த உறையும் தங்கமுலாம் பிளக்கும் இங்கே எதையும் மாற்றாது. செப்புப் பின்னல் மின்புலத்தைத் தடுக்குமே தவிர, பவர் வயரின் தாழ்ந்த அதிர்வெண் காந்தப்புலத்தைத் தடுக்காது. அதற்கு முறுக்கிய ஜோடி வயர் கேபிள் உதவும், குறிப்பாக ஆம்ப்பின் இன்புட் டிஃபரென்ஷியல் வகை (இரண்டு வயருக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பது) என்றால்.

கம்பெனி ஹெட் யூனிட்டை வைத்துக்கொண்டு ஆம்ப் போடுபவர்களுக்கு இரண்டு வழி: ஸ்பீக்கர் வயரின் சிக்னலை ஆர்.சி.ஏ. அளவுக்குக் குறைக்கும் மலிவான லைன் அவுட்புட் கன்வெர்ட்டர், அல்லது ஸ்பீக்கர் வயரையே நேராக ஏற்கும் ஆம்ப்பின் ஹை லெவல் இன்புட். ஆம்ப்பில் ஹை லெவல் டிஃபரென்ஷியல் இன்புட் இருந்தால் அதையே எடுங்கள். ஸ்பீக்கர் வயரில் சிக்னல் பல வோல்ட் இருக்கும், இரண்டு வயரிலும் சமமாக ஏறும் இரைச்சலை இன்புட்டே கழித்துவிடும். கன்வெர்ட்டர் வாங்கத்தான் வேண்டும் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் அல்லது டிஃபரென்ஷியல் சர்க்யூட் உள்ளதாகப் பாருங்கள். ஸ்பீக்கரின் மைனஸ் வயர் எர்த் அல்ல. பெரும்பாலான யூனிட்களில் இரண்டு வயரும் பாடியிலிருந்து அளந்தால் சுமார் 6 வோல்ட்டில் நிற்கும், அதைப் பாடியில் தொட்டால் அவுட்புட் ஐசி போய்விடலாம். கன்வெர்ட்டருக்கு வயர் இழுக்குமுன் மீட்டரை வைத்து அந்த 6 வோல்ட் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஜோடியிலும் பாருங்கள்.