ஏழு வருட ஹாஸ்டல் பள்ளி: சாயங்காலம் நாலரைக்கு மேல் என்ன நடந்தது

மதினி போன வாரம் போனில், "உன்னை மாதிரியே பாப்பாவையும் ஹாஸ்டல் ஸ்கூல்ல சேத்துரலாம்னு உங்க அண்ணன் சொல்றாரு, நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். பாப்பா இப்போது ஐந்தாவது, உசிலம்பட்டியில். சேருங்கள், வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்லதைச் சொல்ல ஆரம்பித்தால் கெட்டது ஞாபகம் வருகிறது, கெட்டதைச் சொல்ல ஆரம்பித்தால் கூடப் படித்த பிள்ளைகள் முகம் ஞாபகம் வருகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். 2007 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்து 2014-ல் பிளஸ் டூ முடித்து வெளியே வந்தவள் நான். மதுரைக்கு வடக்கே, அழகர்மலை தெரிகிற தூரத்தில் ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளி. பெயர் வேண்டாம். இன்றைக்கு அங்கே நிர்வாகமும் மாறிவிட்டது, கட்டடமும் மாறிவிட்டது.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னைப் படிப்புக்காக அங்கே சேர்க்கவில்லை. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி, அதற்கு மேல் உசிலம்பட்டிக்கு பஸ் பிடிக்க வேண்டும். அண்ணன் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போய் வந்தான், பொம்பளப் பிள்ளையை அந்தக் கூட்டத்தில் எப்படி அனுப்புவது என்று அப்பா யோசித்தார். எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். அம்மா விடியுமுன்னே பூ எடுக்கப் போய்விடுவார், அப்பா அந்தப் பூவோடு மதுரைப் பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார், பிள்ளையை யார் கிளப்பி அனுப்புவது? ஹாஸ்டல் என்றால் பத்திரமாக இருக்கும். அவ்வளவுதான் கணக்கு. நிறைய வீடுகளில் இப்படித்தான் முடிவு எடுக்கிறார்கள், வெளியே கேட்டால் மட்டும் டாக்டர், இன்ஜினீயர் என்று சொல்கிறார்கள்.

பள்ளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வகுப்பறை, லேப், மைதானம், போன வருட மார்க் பேனர் எல்லாம் காட்டுவார்கள். அதெல்லாம் டே ஸ்காலர் பிள்ளைக்கும் உண்டு. ஹாஸ்டலுக்கென்று நீங்கள் கூடுதலாகக் கட்டுகிற பணம், சாயங்காலம் நாலரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரைக்குமான பதினாறு மணி நேரத்துக்கு. அந்தப் பதினாறு மணி நேரத்தைக் காட்டும்படி யாரும் கேட்பதில்லை. எங்கள் அப்பாவும் கேட்கவில்லை.

எங்களுக்கு அது எப்படி இருந்தது என்றால், காலை நாலே முக்காலுக்கு பெல். ஐந்திலிருந்து ஆறரை ஸ்டடி, பாதிப் பேர் புத்தகத்தை நெற்றிக்கு முட்டுக்கொடுத்துத் தூங்குவோம். அப்புறம் குளிக்க வரிசை. சாயங்காலம் டிபன், அரை மணி நேரம் விளையாட்டு, மறுபடி ஸ்டடி, எட்டு மணிக்குச் சாப்பாடு, அப்புறமும் ஸ்டடி, பத்து மணிக்கு லைட் ஆஃப். என் நம்பர் 147. துணி மாறிப்போகாமல் இருக்க எல்லாத் துணியிலும் நூலில் அந்த நம்பரைத் தைக்கச் சொன்னார்கள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அண்ணன் பென்சிலால் எழுதிக் கொடுக்க அதன் மேலேயே தைத்திருக்கிறார், அதனால் என் துணியில் இருந்த 7 எல்லாம் அண்ணன் கையெழுத்து 7. ஊரில் இன்னும் ஒரு துண்டு கிடக்கிறது, அந்த நம்பரோடு.

சாப்பாடு மோசம் என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமை ராத்திரி சப்பாத்தி குருமா, ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பில் ஆளுக்கு ஒரு துண்டு, மற்ற நாளெல்லாம் எப்படியோ ஓடிவிடும். மாங்காய் ஊறுகாய் பாட்டில் வைத்திருக்கிறவள்தான் டார்மிட்டரியில் பணக்காரி. பிரச்சினை தண்ணீர். கோடையில் போர் வற்றிவிட்டால் ஆளுக்கு ஒரு வாளி, அதில்தான் குளியலும் துவைப்பும். எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த சண்டையெல்லாம் வாளிச் சண்டைதான்.

ஒன்பதாவது படிக்கும்போது எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை, வாந்தி. வார்டனிடம் போய்ச் சொன்னால், மாதத் தேர்வு வருகிறதல்லவா, அதற்குப் பயந்து நடிக்கிறேன் என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்து ஸ்டடிக்கு அனுப்பிவிட்டார். அந்த அம்மா கெட்டவர் கிடையாது. நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்கு அவர் ஒருத்தர், அதில் தினமும் பத்துப் பேர் வயிற்றுவலி என்று வந்து நின்றால் அவரும்தான் எதை நம்புவார்? பார்வை நாளன்று அப்பா வந்து வேப்பமரத்தடியில் என் முகத்தை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னத்தா, கண்ணு மஞ்சளா கெடக்கு" என்றார். வீட்டு ஆள் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய் உசிலம்பட்டியில் டாக்டரிடம் காட்டி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அப்பத்தா தன் பங்குக்குக் கீழாநெல்லியை அரைத்துக்கொண்டு வந்து நின்றார். மூன்று வாரம் கழித்துத் திரும்பிப் போனபோது எங்கள் டார்மிட்டரியில் இன்னும் மூன்று கட்டில் காலி. மாடித் தண்ணீர்த் தொட்டியை அதற்கப்புறம்தான் கழுவினார்கள். மஞ்சள் காமாலையில் ஒரு வகை அசுத்தத் தண்ணீரில்தான் பரவுகிறது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

"ஏண்டி போன்ல சொல்லல?" என்று அம்மா அழுதார். எப்படிச் சொல்வது? சனிக்கிழமை வார்டன் அறையில் ஒரே போன், வரிசையில் முப்பது பேர், ஆளுக்கு மூன்று நிமிடம், எதிர் நாற்காலியில் வார்டன். "நல்லா இருக்கேம்மா, சாப்டேன், படிக்கிறேன்." ஏழு வருடமும் இந்த மூன்று சொல்தான். இன்றைக்கும் அம்மா போன் போட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் வாய் தானாக அதைத்தான் சொல்கிறது. வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்து கேட்டால் சிரிப்பார்.

ஸ்டடியில் தூங்கினால் முட்டி போட வைப்பார்கள், ஸ்கேலால் அடியும் உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்கக் கூடாது, மனம் நோகிற மாதிரி நடத்தவும் கூடாது என்று சொல்கிற கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சரி, இவ்வளவும் சொல்லிவிட்டு நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

பார்வை நாள் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு. முகூர்த்த நாளாக இருந்தால் பூவுக்கு விலை ஏறும், அப்பா எல்லாரையும்விட லேட்டாகத்தான் வருவார், வேர்வையும் மல்லிகையுமாக ஒரு வாசம் அடிக்கும். தூக்குவாளியில் அம்மா கொடுத்த கறிக்குழம்பு, வாழை இலையில் சுற்றிய ஒரு பந்து பூச்சரம். வார்டனுக்கு ஒரு முழம் முதலில் போய்விடும், அது வரி. மிச்சத்தை ராத்திரி உட்கார்ந்து பங்கு வைப்போம். முப்பது பேருக்கு ஆளுக்கு இரண்டு விரற்கடை கூட வராது, ஹேர்பின்னில் குத்தினால் வெள்ளையாக ஒரு பொட்டு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் பார்வைக்கு யாரும் வராத பிள்ளைக்கு ஒரு கண்ணி கூடுதலாக வைப்பது என்று நாங்களாகவே ஒரு சட்டம் வைத்திருந்தோம், யாரும் சொல்லித் தந்ததில்லை. கமுதிக்காரி ஒருத்திக்கு இரண்டு வருடம் யாரும் வரவில்லை. அவளுடைய அப்பா அம்மா வெளிநாட்டில். அவள்தான் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது, முதல் மாதவிலக்கு வந்து நான் பாத்ரூமில் அழுதுகொண்டு நின்றபோது கதவைத் தட்டியதும் அவள்தான். என் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாடியே வந்து பந்தியில் நின்று பரிமாறினாள்.

இங்கிலீஷ் வரும் என்று நம்பிச் சேர்க்கிறவர்களுக்கு: தமிழில் பேசினால் ஒரு ரூபாய் அபராதம் என்று வைத்திருந்தார்கள். விளைவு, பேச்சே நின்றுபோனது, முக்கியமான பேச்செல்லாம் துணி துவைக்கிற கல்லுக்குப் போய்விட்டது. எனக்கு இங்கிலீஷ் வந்தது பத்தாம் வகுப்பில். அதுவும் பள்ளிக்கூடத்துப் புண்ணியத்தில் இல்லை, எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்வி வழக்கின் புண்ணியத்தில். 2011 ஜூனில் பள்ளி திறந்தும் பாடப்புத்தகம் வரவில்லை, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சமச்சீர்தான் என்று சொல்கிற வரைக்கும் எந்தப் புத்தகம் என்று யாருக்கும் தெரியாது. படிக்கச் சொல்லிக் கொடுக்க எதுவும் இல்லாததால் லைப்ரரி பீரோவைத் திறந்துவிட்டார்கள். அந்த இரண்டு மாதத்தில் நான் படித்ததுதான் படிப்பு.

பிளஸ் ஒன் கதை வேறு. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை முழுசாக நடத்தவே இல்லை. தீபாவளி முடிந்ததுமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துவிட்டார்கள், ஒன்றரை வருடம் அதையே திரும்பத் திரும்ப. அப்போது பல தனியார் பள்ளிகளில் இதுதான் வழக்கம். 1200-க்கு 1108 வாங்கினேன், ஊரில் பேனர் வைக்காத குறை. இன்ஜினீயரிங் முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர். பக்கத்து பெஞ்சில் அரசுப் பள்ளியில் படித்து வந்தவள் பதினொன்றாவதில் படித்ததை வைத்துப் போட்டுக்கொண்டு போகிறாள், நான் முழிக்கிறேன். இந்தக் கூத்தை நிறுத்தத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள், பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது, சந்தோஷம். பழைய பழக்கம் மட்டும் திரும்பாமல் இருக்க வேண்டும், பதினொன்றாவதில் சேர்க்கிறவர்கள் வாய்விட்டுக் கேளுங்கள்.

பணம். ஆறாம் வகுப்பில் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு முப்பத்தெட்டாயிரம், பிளஸ் டூவில் லட்சத்தைத் தாண்டிவிட்டது. அம்மாவின் செயின் எத்தனை தடவை அடகுக்குப் போய் வந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அண்ணனுக்கு நான் சொல்ல நினைப்பது இன்றைய கணக்கு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது, அடுத்த வருடமே இன்ஜினீயரிங் மாதிரித் தொழிற்படிப்புகளுக்கும் வந்துவிட்டது. பெண் பிள்ளை கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். பாப்பா படிப்பது அரசுப் பள்ளியில். ஆறாம் வகுப்பில் தனியாருக்கு மாற்றினால் இந்த ஒதுக்கீடு அன்றைக்கே போச்சு, நடுவில் திரும்பி வந்தாலும் கிடைக்காது. நீட் கோச்சிங்கோடு சேர்த்து லட்சக்கணக்கில் கேட்கிற இடத்தில் பணம் கட்டுகிறவர்கள் இதையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுக் கட்டலாம்.

தாளில் எழுத முடியாதது ஒன்றும் இருக்கிறது. எங்கள் பக்கம் மகா சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போகாத வீடு கிடையாது. மாசியில் வரும், அந்த நேரம் எங்களுக்கு ரிவிஷன் டெஸ்ட், லீவு கிடையாது. ஏழு சிவராத்திரி போச்சு. எட்டாவது வருடம் கோயிலுக்குப் போனேன். பொங்கல் வைக்கிற இடத்தில் ஒரு கிழவி என்னைப் பார்த்து, "நீ யாரு பொண்ணுத்தா?" என்று கேட்டது. அப்பா பெயரைச் சொன்னேன். "அவனுக்குப் பொம்பளப் பிள்ளை இருக்கா?" அண்ணனுக்குக் கோயிலில் எல்லாப் பங்காளி வீடும் தெரியும், யார் எந்த முறை, யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் தெரியும். நான் இன்றைக்கும் யாரைச் சித்தப்பா என்பது, யாரை மாமா என்பது என்று அவன் முகத்தைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறேன். பொண்ணுக்குக் கல்யாணமானால் வேறு குலசாமிதானே என்று சிலர் சொல்வார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.

ஸ்டார் போடச் சொன்னால் ஆறு, ஏழாம் வகுப்புக்கு ஒன்றரை போடுவேன். அந்த வயதில் பிள்ளைக்கு வேண்டியது கண் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள். ஒன்பதுக்கு மேல் மூன்று, பிளஸ் ஒன்னில் பிள்ளையே கேட்டுப் போனால் நாலு வரை போடலாம், அந்த வயதில் தன் துணியைத் தானே துவைத்து, பிடிக்காதவளோடும் ஒரே அறையில் படுத்து எழுந்து பழகுவது கல்லூரிக்கும் வேலைக்கும் நிஜமாகவே உதவுகிறது, எனக்கு உதவியது. அண்ணனுக்கு இன்றைக்கும் சட்டை எங்கே இருக்கிறது என்று மதினிதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மதினி, பாப்பாவை ஆறாவதில் சேர்க்காதீர்கள் என்பதுதான் என் பதில். பஸ் பிரச்சினை இப்போது உங்களுக்கு இல்லை, வீட்டிலிருந்து பள்ளி நடக்கிற தூரம். இல்லை, பார்த்தே தீருவோம் என்றால் அட்மிஷன் நாளில் போகாமல் வாரநாளில் சாயங்காலம் போகலாம். மெஸ்ஸில் பிள்ளைகள் குடிக்கிற டம்ளரில் தண்ணீர் கேட்டுக் குடித்துப் பாருங்கள். எத்தனை பிள்ளைக்கு எத்தனை பாத்ரூம், ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த வண்டி, இந்த வார்டன் வந்து எத்தனை வருடம் ஆகிறது, போன் பேசும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள், இதையெல்லாம் கேட்க வெட்கப்பட வேண்டாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், ஆபீஸ் ரூம் சுவரில் மட்டும் இருந்தால் அது பிள்ளைகளுக்கு இல்லை.

அண்ணன் வியாழக்கிழமை கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வருகிறேன் என்றிருக்கிறான், நானும் கூட வருகிறேன். ஐந்தரைக்குள் போய்விட வேண்டும். ஆறு மணிக்கு ஸ்டடி பெல் அடித்துவிட்டால் ஒரு பிள்ளையோடும் பேச முடியாது.