கல்யாணத்துக்கு எந்தக் குதிகால்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கல்யாணம் என்றால் காலையிலிருந்து பந்தி முடியும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். அத்தை மகள் கல்யாணத்துக்காக ஸ்டிலெட்டோ (ஊசிபோல் மெல்லிய குதிகால்), பிளாக் ஹீல் (கட்டைபோல் அகலமான குதிகால்), வெட்ஜ் (முன்னிருந்து பின்வரை ஒரே அடிக்கட்டையாக உயர்வது) என மூன்று ஜோடி செருப்புகளை வீட்டில் மாற்றி மாற்றிப் போட்டு நடந்து பார்த்தேன்.

முதலில் அளவு. இங்கே கடைகளில் பிரிட்டிஷ் எண்தான் வழக்கம். இறக்குமதி ஜோடிகளில் ஐரோப்பிய எண்ணும் இருக்கும். பிரிட்டிஷ் முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையே 8.5 மி.மீ., ஐரோப்பிய முறையில் 6.7 மி.மீ. கணக்குப்படி பிரிட்டிஷ் 5-க்கு அச்சின் (செருப்பை வடிக்கும் கால் வடிவக் கட்டையின்) நீளம் 254 மி.மீ., ஐரோப்பிய 38-க்கு 253, ஏறத்தாழ ஒன்றே. ஆனால் 7-க்கு 40 என்று போடும் பட்டியலை நம்பி வாங்கினால் 4 மி.மீ. குறைந்துவிடும். தட்டைச் செருப்பில் இது பெரிதாகத் தெரியாது. ஹீல்ஸில் பாதம் முன்னால் சறுக்குவதால் பெருவிரல் நகம் உடனே சொல்லிவிடும்.

அதற்காக ஓர் எண் பெரிதாக வாங்குவதும் தீர்வு இல்லை. அப்படி வாங்கிய ஜோடியில் குதிகால் பின்னால் கழன்றது. விரல்கள் மட்டும் அதே நெருக்கத்தில் இருந்தன. குறை இருந்தது அகலத்தில். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, தாளில் நின்று பென்சிலால் பாதத்தை வரைந்து, அதன் மேல் செருப்பை வைத்தேன். ஸ்டிலெட்டோவின் கூர்முனைக்கு வெளியே சுண்டுவிரலின் கோடு முழுதாகத் தெரிந்தது. முன் கல்யாணத்தில் கொப்புளம் வந்தது அதே இடத்தில்தான்.

புடவைக்கு எடுப்பு ஸ்டிலெட்டோதான், மறுக்கவில்லை. ஆனால் புல்தரை என்றால் வேண்டவே வேண்டாம். கிரேவில் மைதானத்தில் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயத்துக்குப் போனபோது ஒவ்வோர் அடிக்கும் குதிகால் மண்ணில் இறங்கியது.

பிளாக் ஹீலில் கணுக்கால் ஆடாது. ஆனால் 'அகலமான குதிகால், அதனால் ஆபத்தில்லை' என்று நினைப்பது தவறு. உயரக் குதிகால் முழங்காலின் உட்பக்கச் சுமையைக் கூட்டுவதாக 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2001-ல் அதே இதழில் வந்த ஆய்வு, அகலமான குதிகாலிலும் அந்தச் சுமை கூடுவதைக் காட்டியது. அகலம் தள்ளாட்டத்தைத்தான் குறைக்கும். முழங்காலுக்கு உயரம்தான் கணக்கு.

வெட்ஜ் உள்ளங்கால் முழுவதையும் தாங்கும், புல்லில் புதையாது. அடிப்பாகம் வளையாததால் படியிறங்கும்போது மட்டும் கவனம் தேவை. குதிகால் 10 செ.மீ. இருந்தாலும் முன்பக்கம் 3 செ.மீ. தடிமன் இருந்தால் பாதத்தின் சரிவு 7 செ.மீ.தான்.

கடைக்காரர் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. மணவறைக்கு ஏறும்போது செருப்பைக் கழற்றுவோம். 9 செ.மீ. குதிகாலுக்கு அளந்து கட்டிய புடவை அப்போது அத்தனையும் தரையில் புரளும். அட்சதைத் தட்டோடு கரையை மிதித்துத் தடுமாறியவள் நான். கொக்கி வார் வைத்த ஜோடி என்றால், குனிந்து மாட்டி முடிப்பதற்குள் ஆரத்தியே முடிந்துவிடும்.

கடைசியில் எடுத்தது 5 செ.மீ. பிளாக் ஹீல், முன்பக்கம் வட்டம், கொக்கி கிடையாது. அக்கா ஸ்டிலெட்டோவை விடமாட்டாள். படம் பிடிக்கும்வரை அதைப் போட்டுக்கொண்டாள். பந்திக்கு முன் என் பையிலிருந்து அவளுடைய தட்டைச் செருப்பை எடுத்துக் கொடுத்தேன்.